ஜமக்காளத்தின் ஓரம்

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. விடிகாலையிலிருந்து வாசித்த மேளக்காரர்கள் ஐந்து பேரும் மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தார்கள். நானும் என் அண்ணன் மகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். நகர்ந்து இடம் கொடுத்தோம். பெரிய நாயனக்காரருக்கு எழுபது வயதிருக்கும். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி, துடைத்து, சின்னப் பெட்டியில் பத்திரமாக வைத்த பிறகுதான் டீயைக் கையில் வாங்கினார்.

அண்ணன் மகள் சென்னையில் படிக்கிறாள். கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறாள், கிடார் வாசிப்பாள். மேளக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, எங்க பேண்டுல ஆளுக்கு ஒரு எடத்துலேர்ந்து வந்திருக்கோம். டிரம்ஸ் வாசிக்கிறவன் சர்ச் கொயர்ல கத்துக்கிட்டான். பாடுறவ எட்டு வருஷம் கர்நாடக சங்கீதம். நான் யூடியூப் பாத்து. இவங்கள்லாம் எப்படி? எல்லாரும் ஒரே எடத்துல படிச்சவங்களா?"

எத்தனையோ கல்யாணத்தில் மேளம் கேட்டிருக்கிறேன். வாசிப்பவர்கள் எங்கே கற்றார்கள் என்று யாரும் கேட்டதில்லை. என் சிறுவயது கோயில் மடவிளாகத்தில் கழிந்தது. சாமி புறப்பாட்டுக்கு மேளம் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் திண்ணை பத்தடி. தெரிந்ததைச் சொல்கிறேன், மீதியை அவர்களே சொல்லட்டும் என்று ஆரம்பித்தேன். அன்று இரண்டு டீ நேரம் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செட் என்றால் என்ன என்று பார்ப்போம். நாயனமும் தவிலும் சேர்ந்த குழுவுக்குப் பெரிய மேளம் என்பது பழைய பெயர். சதிராட்டக் குழுவைச் சின்ன மேளம் என்றார்கள், அதனால் இது பெரிய மேளம். முழுச் செட்டுக்கு ஆறு பேர்: நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று, ஒத்து ஒன்று. ஒத்து இருந்த இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்த பிறகு ஐந்து பேர். நாகஸ்வரம் என்றும் நாதஸ்வரம் என்றும் எழுதுகிறோம். வாசிக்கிறவர்கள் வாயில் அது நாயனம்தான்.

கச்சேரி விளம்பரத்தில் முதல் நாயனத்தின் பெயர் பெரிதாக இருக்கும், அடுத்தது தவில். தாளக்காரர் பெயர் இருக்காது. ஆனால் யார் எங்கே கற்றார்கள் என்று தெரிய வேண்டுமானால் கடைசியிலிருந்து வர வேண்டும். ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்காரும் ஆளிடமிருந்து.

அன்றைய செட்டில் அது பதினாறு வயதுப் பையன். டீ டம்ளருக்குப் பக்கத்தில் தாளத்தைத் துண்டில் சுற்றி வைத்திருந்தான். அவள் வாங்கிப் பார்த்தாள். பஜனை ஜால்ராவைவிடத் தடிமன், கனமும் கூட. தட்டிவிட்டு, "இது ஈஸிதானே?" என்றாள். பையன் சிரித்தான். பதில் சொன்னவர் முதல் தவில்காரர்.

"பாப்பா, பெஞ்சில எட்டு எட்டாத் தட்டு. அவசரப்படாம, ஒரே சீரா."

அவள் தட்டினாள். அவர் பெஞ்சின் மறுமுனையில் விரலால் 'தகதகிட' என்று ஐந்து ஐந்தாகத் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு ஐந்தின் முதல் தட்டும் அழுத்தம். அவள் எட்டு ஓர் இடத்தில் தொடங்குகிறது, அவர் ஐந்து வேறோர் இடத்தில் விழுகிறது. மூன்றாவது சுற்றில் அவள் கை அவரோடு போய்விட்டது. பையனைத் தட்டச் சொன்னார். அவன் டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் தட்டினான். எட்டு எட்டாக ஐந்து சுற்று, ஐந்து ஐந்தாக எட்டு முறை. 40 தட்டு முடிந்ததும் இருவர் கையும் அடுத்த சுற்றின் முதல் தட்டில் ஒன்றாக விழுந்தன. அந்த முதல் தட்டுக்குச் சமம் என்று பெயர்.

தாளக்காரரின் வேலை இதுதான். தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது தவில்காரர் வேண்டுமென்றே கணக்கைக் குறுக்கே ஓட்டுவார். ஏழில் போவார், ஒன்பதில் போவார், அரைத் தட்டு தள்ளி எடுப்பார். கேட்கிறவர்களுக்குத் தாளம் தொலைந்ததுபோல இருக்கும். அப்போது தொலையாமல் இருக்க வேண்டியவர் ஒருவர். அவர் கை ஒரு நூல் முன்னே போனாலும் இரண்டு தவிலும் சேர்ந்து சரியும். கணக்கைக் கணக்காகக் கற்பதற்கு முன்னால் உடம்பால் கற்கிற இடம் அது. நாயனக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் தவில் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் முதலில் கையில் கொடுப்பது தாளம்.

அடுத்தது ஒத்து. இப்போது பெரும்பாலான செட்டில் அது இல்லை, ஆகவே அவள் பார்த்ததே இல்லை. பெரியவர் விளக்கினார். பார்வைக்கு நாயனம் மாதிரிதான் இருக்கும். விரல் வைத்து வாசிக்கிற துளைகள் கிடையாது. ஒரே ஒரு சுரம், ஆதார ஷட்ஜம், அறாமல் வர வேண்டும். முதல் நாயனம் ராகத்தில் எங்கே சுற்றினாலும் திரும்பி வந்து நிற்கிற வீட்டுவாசல் அந்தச் சுரம்.

"அறாமன்னா? மூச்சு விட வேணாமா?"

கடைக்காரரிடம் ஒரு டம்ளரில் தண்ணீரும் குளிர்பான ஸ்ட்ரா ஒன்றும் கேட்டு வாங்கினேன். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு ஊது, குமிழி வரும், அது நிற்கவே கூடாது என்றேன். ஊதினாள். மூச்சு முடிந்ததும் குமிழி நின்றது. பெரியவர் வாங்கி ஊதிக் காட்டினார். நெஞ்சுக் காற்று தீர்கிற நேரத்தில் கன்னத்தில் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கன்னத்தை அழுத்தி அதை வெளியே அனுப்பிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுக்க வேண்டும். வாயில் வெளியே, மூக்கில் உள்ளே, இரண்டும் ஒரே சமயம். குமிழி நிற்கவில்லை. கடைக்காரர்கூட வடைச் சட்டியை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"ஆறு வருஷம் ஒத்து ஊதினேன்" என்றார் பெரியவர். "எங்க மாமா செட்டுல. நாயனத்தைக் கையில தொட விடல."

ஆறு வருஷத்தில் அவர் எதைக் கற்றார் என்பதைத்தான் அவளுக்கு நிதானமாகச் சொன்னேன். ஒன்று, மூச்சு. இரண்டு, சுருதி. பல மணி நேரம் ஒரே சுரத்தை உடம்பால் தாங்கியவனுக்குச் சுருதி காதில் மட்டும் இருக்காது, எலும்பில் இருக்கும். மூன்றாவதுதான் பெரிது. ஒரு பெரிய வித்வானின் மொத்தச் சரக்கும் கைக்கெட்டும் தூரத்தில், நாள் தவறாமல், காதில் விழுந்துகொண்டே இருக்கும். விடியலில் பூபாளமும் பௌளியும், பள்ளியறைக்கு நீலாம்பரி. சாமி வாசல் தாண்டிப் புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி, அதிலும் தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று. எந்த வீதி முனையில் எது வரும், எங்கே நின்று ராகம் வாசிப்பார்கள், எங்கே நடையைக் கூட்டுவார்கள். நோட்டுப் புத்தகம் எதிலும் இவ்வளவும் இருக்காது. ஒத்து ஊதியவன் வாய் அடைபட்டிருந்தது. காது முழுவதும் திறந்திருந்தது.

இந்த இடத்தில் அவள் ஒன்று கேட்டாள். "ஒத்து ஊதறான், ஜால்ரா அடிக்கிறான்னு திட்டுவாங்களே, அது இதுதானா?"

அதேதான். எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம் இது. ஒரு குழுவின் இரண்டு கடைசி இடங்களையும் நம் மொழி ஏச்சாக்கி வைத்திருக்கிறது. பிறர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனுக்கு அந்தப் பெயர்களைச் சூட்டினோம். உண்மையில் ஒத்துக்காரர் யாருக்கும் தலையாட்டுவதில்லை. எல்லாரும் அசையும்போது அசையாமல் இருப்பவர் அவர். முதல் நாயனம் சுருதி விலகினால் அது விலகல் என்று காட்டிக்கொடுப்பது அவருடைய சுரம். தவில் தப்பினால் தப்பு என்று சொல்வது தாளம். ஏச்சாகப் போன அந்த இரண்டு வேலைகளும் இந்தக் கலையின் முதல் இரண்டு வகுப்புகள்.

ஒத்து ஏன் போயிற்று என்று கேட்டால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1898இல் பிறந்தவர், 1956இல் மறைந்தார். இளமையில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுக் கற்றார், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரம் கற்றார். கிருஷ்ணய்யர் பெயர்பெற்ற வயலின் வித்வான். ராஜரத்தினத்தின் தோடி ஒரு பாடகர் பாடுவதுபோல ஓடியதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம். அவர் காலத்தில் மேளம் வீதியிலிருந்து சபா மேடைக்கு வந்தது. வீதிக்கு ஏற்றது திமிரி. குட்டையான குழல், உச்சமான சுருதி, நாலு தெருவுக்குக் கேட்கும். மேடைக்கும் மைக்குக்கும் அவ்வளவு கூர்மை வேண்டாம். குழல் நீளமானால் சுருதி இறங்கும், நாதம் கனக்கும். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ரங்கநாதன் ஆச்சாரியோடு சேர்ந்து அவர் உருவாக்கி நிலைநிறுத்திய நீளமான பாரி நாயனம்தான் இன்று கச்சேரிகளில் வாசிப்பது. ஒத்தை விட்டுச் சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதிலும் அவர் முன்னோடி.

அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் மேளக்காரர் சட்டை போடக் கூடாது, துண்டு தோளில் கிடக்கக் கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும், நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று வழக்கம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் இந்தத் துண்டுக்காகச் சண்டை போட்டது. ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துக் கிராப் வைத்தார், கோட்டுப் போட்டார், மேடை போட்டால்தான் வாசிப்பேன் என்றார். இன்று இந்த ஐந்து பேரும் சட்டை போட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்றால் அது யாரோ கேட்டு வாங்கிக் கொடுத்த இடம்.

மேடை கிடைத்தது, சபை கிடைத்தது, சுருதி சுத்தமானது. அதே மாற்றத்தில் ஒத்துக்காரரின் இடம் காலியானது. ஒரு கருவி போய் இன்னொரு கருவி வந்தது என்று மட்டும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுருதிப்பெட்டி சுருதி கொடுக்கும். ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஏழாவது வருஷம் நாயனத்தை எடுக்காது.

இரண்டாவது டீ வந்தது. இரண்டாம் நாயனக்காரர் பெரியவரின் தங்கை மகன், நாற்பது வயது. "உங்க வேல என்ன?" என்று அவரிடமே கேட்டாள். "மாமா மூச்சு எடுக்கறப்போ நான் இருப்பேன்" என்றார். அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. முதல் நாயனம் ஒரு சங்கதியை வாசித்து நிறுத்தினால் இரண்டாவது அதைப் பிடித்துக்கொள்ளும். ராகத்தில் அவர் மேலே ஏறும்போது கீழே ஒரு சுரத்தில் நிற்கும். கீர்த்தனையில் இருவரும் சேர்ந்து போவார்கள். அடுத்த நொடி அவர் என்ன வாசிப்பார் என்று ஊகிக்கத் தெரியாதவர் அங்கே உட்கார முடியாது.

இந்த இடத்திலிருந்து எழுந்து வந்த பெரிய ஆள் காருகுறிச்சி அருணாசலம். திருநெல்வேலிச் சீமைக்காரர், 1921இல் பிறந்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யராகி அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் நாயனம் வாசித்தார். அவர் பெயர் அறியாதவர்களும் 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டியிடும் ஆபேரி நாயனத்தைக் கேட்டிருப்பார்கள். வாசித்தவர் அவர்தான். 1964இல், 43 வயதுகூட நிறையுமுன் போய்விட்டார். குருவின் மூச்சு இடைவெளிகளில் இருந்து இருந்தே தனக்கென்று ஒரு வாசிப்பை அவர் சேர்த்துக்கொண்டார்.

இனி தவில். அன்று வந்திருந்த இரண்டு தவில்காரர்களும் இரண்டு வகைப் பின்னணி. முதலாமவர் பரம்பரை. அப்பா தவில், தாத்தா தவில். ஏழு வயதில் தொடங்கினார். தவிலைக் கொடுக்காமல் முதலில் சொல்லைத்தான் கொடுத்தார்களாம். சொற்கட்டை வாயால் சுத்தமாகச் சொல்ல வராதவனுக்குக் கையில் வராது என்பது அங்கே விதி. இரண்டாமவரின் அப்பா கொத்தனார். கோயில் திருவிழாவில் தவில் கேட்டு ஆசைப்பட்டு, அரசு இசைப்பள்ளியில் சேர்ந்து படித்தவர். பிறகு பரம்பரைக்காரரிடம் வந்து சேர்ந்தார். வாசிக்கும்போது ஒருவர் அடிப்படை நடையைத் தாங்கினால் மற்றவர் அதன் மேல் வேலை செய்வார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இதில் பரம்பரை எது, பள்ளிக்கூடம் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் தவிலைத் தொட்டுப் பார்த்தாள். பலா மரத்தைக் குடைந்து செய்த உடல். வலது பக்கம் வலந்தலை, இடது பக்கம் தொப்பி. வலக்கை விரல்களில் கூடு போட்டிருந்தார்கள். துணியைச் சுருட்டிப் பசையில் தோய்த்துக் கல்லாகக் காயவைத்த விரல் உறைகள் அவை. இடக்கையில் பூவரசங் கழி. ஒரு கை விரலால் பேசும், ஒரு கை கோலால் பேசும். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் முதல் வேறுபாடே இதில் இருக்கிறது. முன்பு தோல் வாரை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்ப்பார்கள். இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன. திருகினால் போதும், ஆனால் தவிலின் கனம் கூடிவிட்டது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதி சுற்றுவது தனி உடற்பயிற்சி.

தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெயரை இன்றும் காதைத் தொட்டுக்கொண்டு சொல்கிறவர்கள் உண்டு. அதேபோல யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கலைஞர்கள் கடல் தாண்டிப் போய் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் வாசிப்பது நெடுங்காலப் பழக்கம். அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்களில் மேளக் குடும்பங்கள் வேர்விட்டன. 1933இல் அந்த மண்ணில் பிறந்த தெட்சிணாமூர்த்தி இங்கே வந்து இங்குள்ள பெரிய நாயனங்களுக்கு வாசித்தார். 1975இல் மறைந்த அவரைப் பற்றி அம்ஷன் குமார் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். இங்கிருந்து போன பாடம் அங்கே வளர்ந்து இங்கே திரும்பியது என்று அதை நான் புரிந்துகொள்கிறேன்.

கடைசியாகப் பெரியவர். அவர் பின்னணியில் மற்ற எல்லாரும் இருக்கிறார்கள். ஏழு வயதில் தாளம், பத்தில் ஒத்து, பதினாறில் நாயனம், இருபத்தைந்து வரை இரண்டாம் இடம். இதற்கு நடுவே வாய்ப்பாட்டு. பாடத் தெரியாதவன் நாயனத்தில் பேசலாம், பாட முடியாது என்றார். வயலினில் வில்லைத் திருப்பலாம், வீணையில் மீட்டலாம். நாயனத்தில் சாகித்தியத்தின் எழுத்தை நாக்கால் தட்டித்தான் காட்ட வேண்டும். அதற்குத் துத்துக்காரம் என்று பெயர். விரலால் உருட்டுவது விரலடி. எங்கே நாக்கு, எங்கே விரல் என்பது பாட்டின் சொல் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

நாயனத்தையும் அவளிடம் கொடுத்தார். உலவு எனப்படும் உடல் ஆச்சா மரம். புது மரம் வெடித்துவிடும். அதனால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்கிச் செய்கிறார்கள். எத்தனையோ வருஷம் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய மரம்தான் அடுத்த குடும்பத்தின் கல்யாணத்தில் பாடுகிறது. மொத்தம் 12 துளைகள். ஏழு விரலுக்கு, மற்ற ஐந்தும் கீழே, சுருதியையும் நாதத்தையும் சரிசெய்ய. நுனியில் விரியும் அணசு. வாயில் வைப்பது சீவாளி, ஆற்றங்கரையில் வளரும் நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரும் திருவாவடுதுறையும் கூப்பிடு தூரம். செய்கிறவரும் வாசிக்கிறவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்ததால்தான் பாரி நாயனம் பிறக்க முடிந்தது.

"பரம்பரையில பொறந்தாதான் வர முடியுமா?" என்று அவள் கேட்டது முக்கியமான கேள்வி. காவிரிப் படுகையில் இசை வேளாளர் குடும்பங்கள்தாம் இதைப் பெரும்பாலும் காப்பாற்றி வந்தன. மற்றப் பகுதிகளில் மருத்துவர் சமூகத்தாரும் மற்றவர்களும் வாசித்திருக்கிறார்கள். ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்துக் கரவதியில் 1924இல் பிறந்த முஸ்லிம். கோயில்களில் தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த குடும்பம். தஞ்சாவூர் பாணியில் மயங்கி, அதற்காகவே இங்கே வந்து நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்தார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் சிஷ்யர்கள் ஷேக் மஹபூப் சுபானியும் மனைவி காலீஷாபியும் இணையாக வாசித்துப் பத்மஸ்ரீ பெற்றவர்கள். மதுரையில் பொன்னுத்தாய், பெண்ணால் முடியாது என்று சொல்லிவந்த நாயனத்தை எடுத்துக் கோயிலிலும் மேடையிலும் வாசித்துக் காட்டினார். கதவு அடைத்திருந்தது உண்மை. தட்டித் திறந்தவர்கள் இருந்ததும் உண்மை.

இன்று அந்தக் கதவை அகலமாகத் திறந்து வைத்திருப்பவை இசைப்பள்ளிகள். மாவட்டங்களில் 17 அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. நாதஸ்வரம், தவில் உட்பட மூன்று ஆண்டுப் படிப்பு. எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் சேரலாம், பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். பழனி கோயிலும் ஒரு பள்ளி நடத்துகிறது. தாளப் பையன் அப்படி ஒரு பள்ளியில்தான் நாயனம் படிக்கிறான். சுரதாளக் குறிப்பும் இலக்கணமும் அங்கே ஒழுங்காகக் கிடைக்கின்றன. முகூர்த்த நாட்களில் இந்தச் செட்டோடு வருகிறான்.

"பள்ளிக்கூடம் பத்தாதா?"

பையனே சொன்னான். "அங்க மல்லாரி கத்துக்குடுத்தாங்கக்கா. எங்க நிறுத்தணும்னு இங்கதான் தெரிஞ்சுது." தீபாராதனை நீளுகிறது, வாசிப்பை நீட்ட வேண்டும். அய்யர் கையைத் தூக்குகிறார், பாதி வரியில் விட்டுவிட்டுக் கெட்டிமேளம். தும்மலோ கெட்ட சொல்லோ அந்த நொடியில் யார் காதிலும் விழக் கூடாது, ஆகவே நான்கு கருவியும் ஒரே பாய்ச்சலாக எழ வேண்டும். இதை எந்த வகுப்பறையில் நடத்துவது? பள்ளிக்கூடம் யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுகிறது, செட் அவரை வித்வானாக்குகிறது. ஒன்றில்லாமல் மற்றது நடக்காது.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு மேளம் பேசப் போகிற வீட்டார் பலரும் கேட்கிற சலுகை ஒன்றுண்டு. "அஞ்சு பேர் எதுக்கு? நாலு பேரா வாங்களேன்." பூ அலங்காரத்திலும் பந்தியிலும் பார்க்காத சிக்கனத்தை இங்கே பார்ப்போம். அப்போது விலகுவது யார்? முதல் நாயனம் விலகாது, தவில் விலகாது. கழிக்கப்படுவது தாளம். இரண்டாம் தவில்காரரே நடுநடுவே தாளத்தையும் பார்த்துக்கொள்வார், வேலை ஓடிவிடும். வீட்டாருக்கு மிஞ்சுவது செட்டிலேயே குறைந்த கூலி. போவது ஒரு பையனின் வகுப்பு நாள். ஆறாவது ஆளை ஒரு பெட்டி எடுத்துக்கொண்டது. ஐந்தாவது ஆளை நாம் எடுத்துக்கொள்கிறோம். கீழிருந்து இரண்டு படி போன பிறகு மேல் படிக்கு யார் எப்படி ஏறி வருவார்கள்?

மேளம் பேசும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐந்து பேராக வாருங்கள். தாளத்துக்குக் கற்றுக்கொள்கிற பையனோ பெண்ணோ ஒருவரைக் கூட்டி வாருங்கள்." பெரியவரிடம் இதை நான் சொன்னபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதச் சொல்றவங்க வீட்டுல கூட அரை மணி வாசிப்பேன் தம்பி" என்றார்.

மண்டபத்திலிருந்து ஆள் வந்தது. நலுங்குக்கு நேரமாகிவிட்டது. பெரியவர் சீவாளியை எடுத்து வாயில் ஊறவைத்துக்கொண்டே எழுந்தார். அவர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் அண்ணன் மகள் முன் வரிசை நாற்காலிக்குப் போகவில்லை. பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடியில் எட்டு எட்டாகத் தட்ட ஆரம்பித்தாள். பாட்டு முடிகிற இடத்தில் முதல் தவில்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே ஐந்தை எடுத்தார். இரண்டாவது சுற்றில் அவள் கை தடுமாறியது. பையன் தாளத்தை நிறுத்தாமல், சமம் வந்த இடத்தில் அவளுக்காகத் தலையை லேசாக அசைத்தான். அவள் அங்கே பிடித்துக்கொண்டாள்.